‘லைன்லயே இருங்க’ என்று சொன்னால் போனை வையுங்கள்

“அன்பான நுகர்வோரே, போன மாத பில் அப்டேட் ஆகாததால் உங்கள் மின் இணைப்பு இன்று இரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்.” கீழே பத்து இலக்க மொபைல் நம்பர் ஒன்று. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பலருக்கும் பழகிப்போன மெசேஜ் இது.

இதில் வைரஸ் கிடையாது. வெறும் நாலு வரி. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்தது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, அதைக் கையில் வைத்திருக்கும் ஆளின் மனசை வேலை வாங்குவதற்குத்தான் சோஷியல் இன்ஜினியரிங் என்று பெயர். கரண்ட் பில் மெசேஜ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் போதும், பெரிய பெரிய மோசடிகளின் எலும்புக்கூடும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மெசேஜ், ஒரு போன்

‘போன மாத பில்’ என்கிறான். தமிழ்நாட்டில் வீட்டுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதா மாதம் பில் வரும் வேறு மாநிலங்களுக்காக எழுதியதை அப்படியே இங்கே தள்ளிவிட்டிருக்கிறான். சர்வீஸ் நம்பர் எங்கே? வட சென்னை மண்டலத்து சர்வீஸ் நம்பர் 01 என்று தொடங்கும். உண்மையான ஈபி மெசேஜில் உங்கள் நம்பர் இருக்கும். இவனுக்கு அது தெரியாது, அதனால்தான் ‘அன்பான நுகர்வோரே’. அனுப்பிய இடமும் ஒரு தனி ஆளின் மொபைல். வாரியமோ வங்கியோ அனுப்பும் எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது, எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும்.

9.30 மணி ஏன்? அந்த நேரத்தில் ஈபி ஆபீஸ் கவுண்டர் பூட்டிக் கிடக்கும். போய் விசாரிக்க வழியில்லை. வீட்டில் சின்னக் குழந்தையோ வயசானவரோ இருந்தால் ராத்திரி ஃபேன் இல்லாமல் என்ன செய்வது என்ற கவலை வேறு. அந்தக் கவலையோடு அவன் கொடுத்த நம்பருக்கு நாமே போன் போடுகிறோம். சூழ்ச்சியின் பாதி இங்கேயே முடிந்துவிட்டது. தானாக வந்த அழைப்பைச் சந்தேகப்படுகிறவர்கூட, தானே டயல் செய்த அழைப்பை அவ்வளவாகச் சந்தேகப்படுவதில்லை.

“வணக்கம், மின்சார வாரியம். சொல்லுங்க சார்.”

“சார், நான் பில்லு கட்டிட்டேனே...”

“கட்டிட்டீங்க சார், தெரியுது. சிஸ்டத்துல ஏறல. ஒண்ணும் பயப்படாதீங்க, பத்து ரூபா மட்டும் கட்டுங்க, ஏறிடும். நான் ஒரு ஆப் அனுப்புறேன். லைன்லயே இருங்க, நான் சொல்லித் தர்றேன்.”

இந்த நாலு வரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் நீங்கள் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டான். உங்கள் பக்கம் வந்துவிட்டான். பயத்தை உண்டாக்கியவனே ‘பயப்படாதீங்க’ என்று தடவிக் கொடுக்கிறான். அந்த நிம்மதிக்கு நன்றியாக, அடுத்துக் கேட்பதைச் செய்துவிடத் தோன்றுகிறது. பிறகு பத்து ரூபாய். பத்து ரூபாய்க்கு யார் யோசிப்பார்? ஆனால் அவனுக்கு வேண்டியது பத்து ரூபாய் அல்ல, ஆப் இறங்குவது. எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி திரையைப் பகிரும் ஆப்பாக இருந்தால் உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலாக (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை இறக்கும் ஃபைல்) இருந்தால் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, ஓடிபியை நீங்கள் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும். ‘நான் ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லையே’ என்று பணம் போனவர்கள் அழுவது பொய்யல்ல.

கடைசியாக, ‘லைன்லயே இருங்க’. மொத்தப் பேச்சிலும் ஆபத்தான சொல் இதுதான். நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கக் கூடாது, மகனுக்குப் போன் போடக் கூடாது, ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. வேலை நடந்தாக வேண்டும் என்று நினைக்கும் உண்மையான அதிகாரி, நீங்கள் போனை வைத்துவிட்டு விசாரித்தால் கவலைப்பட மாட்டார். இவன் மட்டும்தான் பதறுவான்.

‘நான் ஏமாற மாட்டேன்’ என்பவர்களுக்கு

1966-ல் சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் டியூட்டியில் இருந்த நர்ஸுக்கு, முன்பின் தெரியாத ஒரு ‘டாக்டர்’ போன் செய்கிறார். குறிப்பிட்ட நோயாளிக்கு ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். மருந்துப் பெட்டியிலேயே அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. போனிலேயே மருந்து கொடுக்கச் சொல்வதும் அங்கே விதிக்கு மாறானது. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தது கெடுதல் செய்யாத பொருள், அதையும் கொடுக்கும் முன் தடுத்துவிட்டார்கள்.

அதைவிட முக்கியம் ஆய்வின் இன்னொரு பகுதி. இதே சூழலைத் தாளில் எழுதிக் காட்டி ‘நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்று வேறு நர்ஸ்களைக் கேட்டார்கள். 12 பேரில் 10 பேரும், படித்துக்கொண்டிருந்த மாணவியர் 21 பேரும் ‘கொடுக்க மாட்டேன்’ என்றார்கள். நிதானமாக உட்கார்ந்திருக்கும்போது சொல்வது ஒன்று, போனில் அதட்டும் குரல் கேட்கும்போது கை செய்வது வேறு. அந்த நர்ஸ்கள் முட்டாள்கள் இல்லை. பதவிக்கு மரியாதை கொடுக்கவும் சொன்ன வேலையைத் தாமதமில்லாமல் செய்யவும் பழகிய நல்ல ஊழியர்கள்.

பத்து ரூபாய்க்கும் ஓர் ஆய்வு உண்டு, அதுவும் 1966-தான். ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிபோர்னியாவில் வீட்டுக்காரர்களிடம் ‘ஜாக்கிரதையாக வண்டி ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அசிங்கமான போர்டை வாசலில் நட அனுமதி கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது சம்மதித்தவர்கள் 17 சதவீதம். இரண்டு வாரம் முன்பு அதே விஷயத்துக்காகச் சின்ன ஸ்டிக்கர் அளவு போர்டு வைக்க ஒத்துக்கொண்டவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். டெலிகிராமில் ‘வீடியோவுக்கு லைக் போடுங்க, 150 ரூபாய்’ என்று முதல் நாள் உண்மையிலேயே பணம் போடுவது இதே காரணத்துக்காகத்தான். கொடுத்த 150-ஐப் பத்தாயிரமாகத் திரும்ப வாங்க அவனுக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. ‘சார்’ என்று மரியாதையாகப் பேசுகிறவரிடம் மூஞ்சியில் அடித்தாற்போல் போனை வைக்க நமக்கு வராது. உதவி என்று கேட்டால் மறுக்க வராது. இவை நல்ல குணங்கள், விட வேண்டியதில்லை. மரியாதை கெடாமல் மறுக்க ஒரு வழி மட்டும் கைவசம் வேண்டும். அதை நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து வைக்க வேண்டும். பதற்றத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால், மருந்தைக் கொடுக்கப் புறப்பட்ட அந்த 21 நர்ஸ்களின் கதைதான்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

ஒரு தடிமன் அட்டை எடுங்கள். பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்: வங்கி கஸ்டமர் கேர் (ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் உள்ள நம்பர்), பாஸ்புக்கில் இருக்கும் உங்கள் கிளையின் நம்பர், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, சைபர் கிரைம் 1930, வீட்டில் விவரம் தெரிந்த இரண்டு பேரின் மொபைல். காலண்டர் பக்கத்தில் மாட்டுங்கள். பணம், கணக்கு, ஆதார், சிம், பில் என்று எந்தப் பேச்சு வந்தாலும் போனை வைத்துவிட்டு இந்த அட்டையில் உள்ள நம்பருக்குத்தான் பேச வேண்டும். பேசியவன் தந்த நம்பருக்கு இல்லை. கூகுளில் தேடியும் எடுக்கக் கூடாது. போலி கஸ்டமர் கேர் நம்பர்களைத் தேடலில் மேலே வரும்படி போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: போனைச் சரியாக வைத்துவிடுவார்கள், பிறகு தேடிப் போய் இன்னொரு திருடனிடம் பேசுவார்கள்.

வங்கி போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் வரிசையையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையையும் பயன்படுத்தச் சொல்லி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளின் இணைய முகவரியும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி மாற்றச் சொல்லியிருக்கிறது. சாதாரண மொபைலிலிருந்து ‘மேனேஜர் பேசறேன்’ என்றால் அங்கேயே முடித்துக்கொள்ள இது போதும். 1600 வந்தாலும் அட்டை விதி மாறாது.

மறுப்பதற்கான வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். “சார், பணம் விஷயம்னா எம் பையன்தான் பார்ப்பான். நான் வெச்சுட்டு ஆபீஸ் நம்பர்க்குக் கூப்புட்டுக்கறேன்.” பழியைப் பையன்மேலோ வீட்டு ரூல்மேலோ போட்டுவிட்டால், எதிராளியை அவமதித்த கூச்சம் இல்லை. ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் இதை ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால் பத்தாது. நீங்களே வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டு, ‘வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்று நடித்து, அவர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லி வைக்கும்வரை இரண்டு மூன்று தடவை பழக்குங்கள். வாயில் ஏறிய வார்த்தைதான் பதற்றத்தில் வெளியே வரும்.

குடும்பத்துக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆக்சிடென்ட், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில இருக்கேன், உடனே பணம் போடு’ என்று மகன் குரலிலேயே போன் வரலாம். சில விநாடி ஆடியோ இருந்தால் குரலை நகலெடுக்கும் மென்பொருள் இன்று இருக்கிறது. பிறந்த நாள், நாய்க்குட்டி பெயர், படித்த ஸ்கூல் எல்லாம் இன்ஸ்டாகிராமில் கிடைக்கும், வேண்டாம். ‘ஆயா வீட்டு மாடியில என்னா காயப் போடுவோம்?’ என்று கேட்டு, ‘வாளைக் கருவாடு’ என்று பதில் வந்தால் அது நம்ம ஆள். எழுதி வைக்கக் கூடாது, வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் கூடாது.

யூபிஐ இணைத்த கணக்கில் வாரச் செலவுக்கு வேண்டிய பணம் மட்டும் இருக்கட்டும். சேமிப்பு, சீட்டுப் பணம், பிஎஃப் எல்லாம் யூபிஐயும் நெட் பேங்கிங்கும் இல்லாத இன்னொரு கணக்கில். மற்ற எல்லாத் தடுப்பும் தவறினாலும் இழப்புக்கு ஒரு வரம்பு இருக்கும். இந்த ஒன்றைச் செய்யத்தான் பலருக்கும் சோம்பல், ஆனால் பட்டியலில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

கடையில்

எம்.சி. ரோடு துணிக்கடைக்கும் காசிமேடு மீன் வியாபாரத்துக்கும் ஒரே அடிப்படை: பின் நம்பர் அடிப்பது பணம் கொடுக்கவோ, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவோ மட்டும். வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. ‘கேம்ப்புக்கு 50 சட்டை வேணும், ஆர்மி ஆபீசர் பேசறேன், அட்வான்ஸ் அனுப்ப க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்றால், போடுவது உங்கள் பணம். பெரிய ஆர்டர் என்ற சந்தோஷம் கண்ணை மறைப்பதால்தான் நாளெல்லாம் யூபிஐ புழங்குகிறவர்களே இதில் விழுகிறார்கள்.

காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் ஸ்டிக்கரை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து பெயர் சரியா என்று பாருங்கள். ராத்திரியில் மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அன்றைய வியாபாரம் முழுக்க வேறு கணக்குக்குப் போகும். பணம் வந்ததற்கு ஆதாரம் சவுண்ட் பாக்ஸ் குரலோ, உங்கள் வங்கிக் கணக்கோதான். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் இல்லை. ‘தெரியாம 5,000 போட்டுட்டேன், திருப்பிப் போடுங்க அண்ணே’ என்று வந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தாலும், ‘உங்க பேங்க்ல சொல்லித் திரும்ப எடுத்துக்கங்க’ என்று சொல்லுங்கள். அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், திருப்பி அனுப்பியதால் நீங்களும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடுவீர்கள்.

பாரிமுனை ஆபீஸில்

தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருவில் இருக்கும், துறைமுகச் சரக்கை விடுவித்து அனுப்பித் தரும் கிளியரிங், ஃபார்வர்டிங் ஆபீஸ்களுக்கும் மண்ணடி இரும்பு வியாபாரத்துக்கும் வரும் அடி வேறு வகை. வழக்கமாக மால் அனுப்பும் வெளிநாட்டு சப்ளையரிடமிருந்து மெயில்: ‘எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது. இந்த இன்வாய்ஸை மட்டும் கீழ்க்காணும் புதுக் கணக்குக்கு அனுப்பவும்.’ இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகை சரி, கன்டெய்னர் நம்பரும் சரி.

எப்படித் தெரிந்தது? இரண்டு வழி. ஒன்று, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரி. ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். இரண்டாவது மோசமானது: சப்ளையரின் மெயில் பாக்ஸுக்குள்ளேயே வாரக்கணக்கில் உட்கார்ந்து எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டு, உண்மையான முகவரியிலிருந்தே, நடந்துகொண்டிருக்கும் பேச்சுக்கு நடுவிலேயே எழுதுவது. ‘மெயில் ஐடியைச் சரிபார்த்தேன்’ என்பது இந்த இரண்டாவதைத் தடுக்காது. சந்தேகம் வந்து அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்டால் ‘ஆமாம், சரிதான்’ என்று திருடனே பதில் எழுதுவான்.

கன்டெய்னர் பெட்டி மணலி பக்கம் சிஎஃப்எஸ் என்கிற சரக்குக் கிடங்கில் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறுகிறது. பணம் போனால்தான் டாக்குமென்ட் வரும். முதலாளி காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் தம்பி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேங்க் மூடுவதற்குள் முடித்துவிட நினைக்கிறான். மோசடிக்காரன் அவசரத்தை உண்டாக்கவே வேண்டியதில்லை, துறைமுகத் தொழிலில் அது ஏற்கெனவே இருக்கிறது. அவன் அதன்மேல் ஏறிக்கொள்கிறான்.

அதனால் ஆபீஸ் விதி எழுத்தில் இருக்க வேண்டும், முதலாளி கையெழுத்தோடு. கணக்கு எண் மாறினால், பழைய ஃபைலில் இருக்கும் போன் நம்பருக்குப் பேசி, தெரிந்த ஆளின் வாயால் கேட்க வேண்டும். புது மெயிலின் கீழே இருக்கும் நம்பருக்கு இல்லை. ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் அனுமதிக்க வேண்டும். கணக்கு மாற்றம் வந்த நாளில் பணம் போகக் கூடாது, 24 மணி நேரம் கழித்துத்தான். ஒரு நாள் டெமரேஜ் முழு இன்வாய்ஸோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. உள்நாட்டில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்றால், கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் போட்டவுடன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தக் கூடாது. வெளிநாட்டுக்கு ஸ்விஃப்ட் வழியாகப் போன பணத்தை மீட்பது மிகக் கடினம்.

விதி நிலைக்க இன்னொன்று வேண்டும். முதலாளியின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ‘மீட்டிங்ல இருக்கேன், பேச முடியாது, இந்த அக்கவுன்ட்டுக்கு உடனே போடு’ என்று மெசேஜ் வந்து, அந்தத் தம்பி போடாமல் காத்திருந்தால், பிறகு அது உண்மையாகவே முதலாளி அனுப்பியதாக இருந்தாலும் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் அந்த விதி அன்றோடு செத்தது.

கேட்டில், கை நிறைய ஃபைலோடு பின்னாலேயே வருகிறவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்வதும், கீழே கிடந்த பென் டிரைவை யாருடையது என்று பார்க்கச் செருகுவதும் இதே ரகம்தான். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவ்களைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. குறைந்தது 45 சதவீத டிரைவ்களில் ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தார்கள்.

வீடியோ காலில் போலீஸ்

‘உங்கள் ஆதாரில் அனுப்பிய பார்சலில் போதைப் பொருள். சிபிஐ பேசுகிறோம். கேமராவை அணைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.’ இப்படி வீடியோ காலிலேயே கைது செய்யும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். இதில் மாட்டுகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள், வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குப் பயந்து நடந்தவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் போனோடு இருந்தால், மெல்லிய குரலில் பேசினால், திடீரென்று எஃப்டியை உடைக்கப் பேங்குக்குக் கிளம்பினால், உள்ளே போய்ப் போனை வாங்கி அணையுங்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு வேறு வலை. ‘உன் அக்கவுன்ட்டையும் சிம்மையும் குடு, மாசம் கமிஷன்’ என்று தெரிந்த பையனே கேட்பான். திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் வந்து நிற்பதும் கணக்குப் பெயரில் இருக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில்தான். இதைத் தெருவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பணம் போய்விட்டால்

ஆப் எதையாவது இறக்கியிருந்தால் முதலில் ஃப்ளைட் மோட். பிறகு வேறு போனிலிருந்து 1930. அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கட்டும். 1930-ல் கேட்பார்கள் என்று கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: எந்த வங்கி, கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், பரிவர்த்தனை எண் (யூபிஐயில் 12 இலக்கம்), பேசியவனின் நம்பர். திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து நாலுக்கும், நாலிலிருந்து இருபதுக்கும் பிரிந்துகொண்டே போகும். அது ஏடிஎம்மில் நோட்டாவதற்குள் வழியிலேயே முடக்குவதுதான் இந்த ஏற்பாடு. அதனால் ‘காலையில ஸ்டேஷன் போகலாம்’ என்று தூங்கப் போகாதீர்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெசேஜ், கால் லிஸ்ட் எதையும் வெட்கப்பட்டு அழிக்க வேண்டாம். பணம் போகாமல் வெறும் போன் மட்டும் வந்திருந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம்.

ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறிடத்துக் குறையால் பணம் போயிருந்து, 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. பின், ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். அதனால் வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்கு எழுத்தில் ஆதாரம் வாங்குங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு போன் வரலாம். ‘உங்க பணம் பிடிபட்டிருச்சு, ரிலீஸ் பண்ண ஃபீஸ் கட்டுங்க’ என்று, போன தொகையைச் சரியாகச் சொல்வான். சொல்லாமல் இருப்பானா, எடுத்தது அவர்கள்தானே. முதல் தடவை பணம் போனபோது வீட்டில் ‘அறிவில்லையா உனக்கு’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர், இந்த இரண்டாவது போனை யாரிடமும் சொல்ல மாட்டார். எப்படியாவது மீட்டுக் காட்டிவிட வேண்டும் என்று தனியாகவே கட்டிவிடுவார். முதல் நாளே அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘இந்த மாதிரி போன் திரும்ப வரும், வந்தா என்கிட்ட குடு’ என்று சொல்லி வையுங்கள்.